அரைத் திருகு

அட விடுங்க பாஸ், பம்பைக் கழட்டணும்னு நீங்களும் ஆரம்பிச்சிடாதீங்க. காரு வாங்க வர்ற ஒவ்வொரு ஆளும் கூடவே ஒரு மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க, வர்ற ஒவ்வொரு பாஸும் ஒரு வியாதி சொல்லிட்டுப் போறாங்க. காரு மட்டும் இங்கயேதான் நிக்குது. காரு கேட்டு வந்த உங்க முஹைதீன் முதலாளி பள்ளியில லுஹர் தொழுதுட்டு இந்த மேட்டுல ஏறி வர நேரமாகும். நல்லாப் பாருங்க. இல்ல இல்ல, ஆஃப் பண்ணாதீங்க, ஸ்டார்ட்லயே இருக்கட்டும்.

பாத்தீங்களா, சும்மா நிக்கிறப்பதான் இந்த நடுக்கம். ஆக்சிலேட்டரை மிதிச்சா ஒண்ணுமில்ல. காலை எடுத்தா குளிர்க்காய்ச்சல் வந்தவன் மாதிரி திரும்ப ஆரம்பிச்சிரும்.

மொதல்ல கம்பளையில இருந்து ஒருத்தர் வந்தாரு. ஸ்க்ரூ டிரைவர் பிடியைக் காதுல வச்சுக்கிட்டு, நுனியை இன்ஜின்ல குத்தி, கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு. சாமி வந்திருச்சாக்கும்னு நான் கொஞ்சம் தள்ளி நின்னேன். கண்ணைத் தொறந்து, வால்வுன்னாரு. அடுத்தவரு சைலன்சருக்குப் பின்னாடி குந்தி, புரியாணிச் சட்டிய மோந்து பாக்குற மாதிரி புகைய மோந்து பாத்தாரு. ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்னாரு. இறக்கி எங்க வைக்கிறது, என் தலையிலயா?

அப்புறம் கண்டி டவுன்ல இருந்து ஒரு பொடியன், கழுத்துல டை. கம்ப்யூட்டர் சொருகுற எடம் எங்கன்னு டேஷ்போர்டுக்கு அடியில தலைய விட்டுத் தேடுறான். தம்பி, இந்தக் காரு இன்ஜினுக்கு அதெல்லாம் இல்ல, மேல வாங்கன்னேன். மொறைச்சுக்கிட்டே போயிட்டான். இவனுங்களுக்கெல்லாம் போர்டு, விசிட்டிங் கார்டு வேற!

எலுமிச்சம்பழமா? அது என் மச்சான் செல்லச்சாமி கட்டினது. கண்ணூறாம். அவனுக்குத்தான் ரொம்ப அவசரம். காரு வித்தாத்தான் ஏஜென்சிக்குக் கட்டலாம், கட்டினாத்தான் என் பொஞ்சாதி அழகம்மா சைப்ரஸ் போகலாம், அவ பிளேன் ஏறினாத்தான் இவனுக்குக் கமிஷன். கூடப் பொறந்தவளை வீட்டு வேலைக்கு ஏத்தி அனுப்பப் பழம் கட்டுறான். தூ!

ஏன் போகணும்னா? அந்தா மேல பாருங்க. சுவரு நிக்குது, கூரை இல்ல. ஒரு அறைக்கு மட்டும் தகரத்தைப் போட்டுக் கெடக்குறோம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துல இருந்து எறங்கி வந்து இந்தத் துண்டுக் காணிய வாங்கினதே அவ குவைத்துல ஒழைச்ச சல்லியில. நான் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில ஹயர் ஓடிக் கிழிச்சது டயருக்கும் டீசலுக்கும் சரியாப் போச்சு. பெரிய டிரைவர் நான்!

குவைத்துல இருந்து வந்தப்ப எடது கையில அயன் பெட்டி அச்சு அப்படியே இருந்துச்சு. கேட்டா சுடுதண்ணி கொட்டிருச்சுன்னா. சுடுதண்ணி முக்கோணமாவா கொட்டும் பாஸ்? இன்னைக்கும் டீவி நாடகத்துல எவனாச்சும் காலிங் பெல்லை அடிச்சா, சாப்பிட்டுக்கிட்டு இருக்குறவ தட்டைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு நிக்கிறா. அவளேதான் திரும்பப் போறேங்குறா. வேணாம்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? அப்ப நீ கூரையைப் போடுன்னு சொல்லிட்டா?

என்ன சிரிக்கிறீங்க? எங்க கைய வச்சீங்க?

ம்ம். பரவால்ல, உங்களுக்குத் தொழில் தெரியுது. ஆமா, பில்டருக்கும் பம்புக்கும் நடுவுல வர்ற அந்த ஹோஸ் கிளிப்புதான். மெதுவாப் பேசுங்க, அவ அடுப்படியில பிளேன் டீ ஊத்துறா. இன்ஜினை நிறுத்தினா திரும்ப லேசுல ஸ்டார்ட் ஆகாது, குட்டு வெளிப்பட்டிரும்; இதுக்குத்தான் ஆஃப் பண்ணாதீங்கன்னேன். அரைத் திருகு தளத்தினாப் போதும். டீசல் சிந்தாது, காத்து மட்டும் உள்ள போகும், இன்ஜின் நடுங்கும். அத்தனை பெரிய பாஸுங்க வந்து மோந்து பாத்தானுங்க, காது வச்சுப் பாத்தானுங்க, ஒருத்தனாச்சும் இந்தக் கிளிப்பைத் தொட்டுப் பாத்தானா?

வேற யாரு, நான்தான். காரு பாக்க ஆள் வருதுன்னா காலையிலயே வந்து தளத்தி வச்சிருவேன், அவங்க போனதும் இறுக்கிருவேன். எனக்கு அவ போறது பிடிக்கல பாஸ். அதை வாய் தொறந்து சொல்லத் துப்பில்லாதவன் வேற என்ன செய்வான்?

முதலாளிகிட்ட சொல்றதுன்னா சொல்லுங்க, அவர் கூட்டிட்டு வந்த ஆள் நீங்க. இதை இறுக்கினா இன்ஜின் நல்ல இன்ஜின். இன்னைக்கே கையோட ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு. அவ அடுத்த மாசம் போயிருவா.

ஆனா அந்தத் திருகைக் கொஞ்சம் கிட்டப் பாருங்க. வாய் பிஞ்சு கெடக்குதா? ஸ்க்ரூ டிரைவர் அப்படிக் கீறாது. என்னோடது சீட்டுக்கு அடியில பூட்டித்தான் இருக்கு, சாவி என் இடுப்புல. இன்னைக்குக் காலையில நான் தளத்தலாம்னு வந்தேன். அது ஏற்கெனவே தளந்து கெடந்துச்சு. இந்த ஹோஸை மாத்தின அன்னைக்கு எனக்கு டோர்ச் பிடிச்சது அழகம்மாதான்.

அப்புறம் காலைச் சாப்பாட்டுக்கு உக்காந்தோம், மச்சானும் வந்திருந்தான். ரொட்டியும் சம்பலும். சம்பல்ல வெங்காயத்தை மீறி டீசல் வாசம். வெங்காயம் நறுக்குற கத்தியக் கழுவித்தான் இருப்பா, டீசல் வாசம் கழுவினாப் போகுமா? அவன் ஒரு வாய் வச்சிட்டுத் துப்பிட்டு எந்திரிச்சான். நானா பாஸ்? இன்னுங் கொஞ்சம் வைன்னு தட்டை நீட்டினேன்.