ஒரு கோடு குறைந்த புதன்கிழமை

பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் எழுதிக் கொடுத்தபடி. வயது நாற்பத்தாறு. வீட்டு வேலை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது, மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. ட்ரோன்களையும் பேட்டரியில் பறக்கும் டாக்ஸியையும் சோதித்துப் பார்க்கும் திடலின் வடக்கு வேலியை ஒட்டிய மூன்றாவது வீட்டில் கணவருடனும் அவர் தம்பியுடனும் குடியிருக்கிறேன். அந்தத் தம்பி, அதாவது என் கொழுந்தனார், அதே திடலில் சார்ஜ் போடுவதும் எடை ஏற்றுவதுமான வேலை பார்க்கிறார். சென்ற புதன்கிழமை நடந்த விபத்தில் அவர் பொய்த் தகவல் கொடுத்தார் என்றும், பிறகு பயந்து ஓடினார் என்றும் திடல் நிர்வாகம் புகார் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

பறக்கும் டாக்ஸியைத் திடலில் எல்லோரும் கொக்கு என்பார்கள். இன்னும் ஆள் ஏறுவதில்லை. ஆளுக்குப் பதில் இருக்கைக்கு ஒன்றாக நான்கு மணல் மூட்டைகளை வைத்துக் கட்டி, கண்ணாடி அறையிலிருந்து ஓட்டுவார்கள். ஓட்டுபவருக்குக் கண்ணாடி சார் என்று பெயர். கொக்கு கிளம்பும்போது மொட்டை மாடியில் யாரும் நிற்கக் கூடாது என்பதால், வேலியோர வீடுகள் ஐந்துக்கும் வீட்டுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்திருக்கிறார்கள். அதில் திடலின் பேச்சு கேட்கும், அவசரம் என்றால் பித்தானை அழுத்தி நாமும் பேசலாம்.

நான் காலையில் ஆண்டவனைக் கும்பிட உட்காரும் நேரமும் கொக்கு கிளம்பும் நேரமும் ஒன்றாகவே அமைந்தது. அந்த இரைச்சலில் மனம் நிற்காது. ஆகவே எப்போது சத்தம் வரும், எப்போது அடங்கும் என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுகிற பழக்கம் எனக்கு. கண்ணாடி சார் முதலில் “சார்ஜ் ஏறியாச்சா?” என்பார். கொழுந்தனார் “ஏறியாச்சு” என்பார். அதன் பிறகு “மூட்டை ஏறியாச்சா?” என்பார். அதற்கும் “ஏறியாச்சு” வரும். ஒவ்வொரு “ஏறியாச்சு”வுக்கும் ஒரு கோடு போடுவேன். இரண்டாவது கோடு விழுந்து இரண்டு நிமிடத்தில் கொக்கு எழும்பும். ஏழு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடு. நோட்டை ஒப்படைத்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு இரண்டு வேன் நிறைய வெளியாட்கள் கண்ணாடி அறைக்கு வந்தார்கள். பத்து முப்பத்தெட்டுக்கு நான் துணி எடுக்க, நோட்டும் வாக்கி டாக்கியும் கையோடு, மாடியில் இருந்தேன். கொக்கின் இடப்பக்க இருக்கைகளில் மூட்டை இருந்தது. வலப்பக்கத்துக்கு உரிய இரண்டு மூட்டைகள் தள்ளுவண்டியில் கிடந்தன. அந்தப் பக்கம் கண்ணாடி அறையிலிருந்து தெரியாது. கொழுந்தனார் சார்ஜ் ஒயரைக் கழற்றி, முப்பதடி தள்ளிக் கம்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போது கண்ணாடி சார் வெறுமனே “ஏறியாச்சா?” என்றார். ஒயர் கையில் இருந்தவர் “ஏறியாச்சு” என்றார். நான் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை, கொக்கு கிளம்பப் போகிறது என்ற சங்குதான் ஊதியது.

அதன் பிறகு நான் பித்தானை அழுத்தி, “சார், ஒரு ஏறியாச்சுதான் வந்திருக்கு. ரெண்டு மூட்டை இன்னும் கீழதான் கிடக்கு” என்றேன்.

கண்ணாடி அறையில் பின்னால் சிலர் சிரிப்பது கேட்டது. கண்ணாடி சார், “நோட்டு அக்கா, நீங்க அடுப்பைப் பாருங்க, நான் கொக்கைப் பாத்துக்கறேன்” என்றார்.

“அடுப்பை அணைச்சிட்டுத்தான் சார் வந்தேன். நீங்க அதை நிறுத்துங்க” என்றேன். இதைத் தன் வாக்கி டாக்கியில் கேட்டதாக அடுத்த வீட்டுத் தையல்காரம்மா சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்.

கொழுந்தனாரின் தோளிலும் ஒரு வாக்கி டாக்கி உண்டு. என் குரல் கேட்டதும் அவர் ஒயரைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கொக்கை நோக்கி ஓடினார். கொக்கை விட்டு ஓடவில்லை. கொக்கு எழும்பி, பாரம் இருந்த இடப்பக்கம் சாய்ந்து, அதன் கால் அவர் முழங்காலில் அடித்து, அதன் பிறகு வேலியை முறித்துக்கொண்டு எங்கள் துணி துவைக்கும் கல்லின் மேல் விழுந்தது. நான் கீழே இறங்கி ஓடினேன். அவர் தரையில் கிடந்தபடி, “அண்ணி, வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?” என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் பேரில் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. “எது ஏறியாச்சான்னு கேக்கறீங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அதை அவரிடமே சொன்னேன். “நாக்கு பழகிடுச்சு அண்ணி” என்றார். ஆண்டவனுக்குப் பயந்தவள் என்பதால் இதையும் எழுதச் சொல்கிறேன். ஆனால் கேட்காத கேள்விக்கு ஒருவர் எப்படிப் பொய்யாகப் பதில் சொல்ல முடியும்? “ஏறியாச்சு” என்பது திடலின் பதிவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் இருக்கும்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எழுத்தர், கொழுந்தனார் “எல்லாம் ஏறியதாக”ப் பதில் சொன்னார் என்று எழுதியிருந்தார். “எல்லாம்னு யாருங்க சொன்னது?” என்று கேட்டு, அந்த வார்த்தையை அடிக்கச் சொல்லி, கொழுந்தனார் வாயிலிருந்து வந்த ஒரே சொல்லை மட்டும் எழுதவைத்து, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். அதன் பிறகு எழுத்தர், “இப்ப ஏறியாச்சாம்மா?” என்றார். எது என்று கேட்டேன். “உங்க வாக்குமூலம், எழுத்துல” என்றார். ஏறியாச்சு என்றேன். நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே, இது உண்மை.

(ஒப்பம்)