கர்லிகாஷ் விலகவில்லை

எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்பது என் பழக்கம், ஐயா. குளிர்காலத்தில் அஸ்தானாவின் நடைபாதை ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கிவிடும். முழங்கால் பனியில் புதைய நின்று நான்தான் வழிவிடுவேன். அதனால் என்னைப் பிடிவாதக்காரி என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

பெயர் ஷோல்பான். செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருபத்தாறு வருட வேலை. எங்கள் அரசாங்கத்தின் கர்லிகாஷ் என்ற செயற்கைக்கோளை அதன் பாதையில் பிசகாமல் வைத்திருப்பது என் பொறுப்பு. அதைக் கட்டியவர்களில் என் கணவர் தௌலெத்தும் ஒருவர். அது மேலே போன மறுவருடம் அவர் காலமானார்.

எங்கள் ஒரே மகள் மெருவெர்த்தும் இதே படிப்புதான் படித்தாள். வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று அவளைக் கொத்திக்கொண்டு போயிற்று. ஆள் ஏற்றிச் செல்லும் விண்கலங்களுக்குப் பாதை பார்க்கும் வேலை. விமான நிலையத்தில் வைத்துச் சொன்னாள்: “அம்மா, நீ ஒத்தப் புள்ளையாட்டம் ஒரு கோளைச் சீராட்டிக்கிட்டு இரு. அங்க வாரத்துக்கு ஒண்ணு ஏவுறாங்க.” நான் சிரித்தேன். எனக்கு வருத்தமில்லை.

சென்ற மார்ச்சில் எச்சரிக்கை வந்தது. மெருவெர்த்தின் நிறுவனத்துக் கலமும் கர்லிகாஷும் இரண்டு நாளில் ஒரே இடத்தில் குறுக்கிடும். மோதுவதற்கு நாற்பதில் ஒரு வாய்ப்பு. கலத்தில் இரண்டு பேர். யாராவது ஒருவர் விலகியாக வேண்டும். விண்வெளியில் முதல் தங்கும் விடுதியைத் திறப்பது யார் என்று அவர்களுக்கும் இன்னொரு நாட்டுக் கூட்டத்துக்கும் போட்டி. அவர்கள் விலகினால் ஒரு நாள் தாமதம். மற்றவன் முந்திக்கொள்வான்.

மெருவெர்த் கூப்பிட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு.

“அம்மா, உங்க கோளை விலக்கேன். எங்க முதலாளி ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட விடமாட்டேங்கிறார்.”

“சாப்பிட்டியா?”

“பேச்ச மாத்தாத. விலக்குவியா, மாட்டியா?”

“விலக்குறேன், என் குதிரைக்குட்டி.”

“நீ சொன்னாப் போதும். இனி நான் வேற யாரையும் கேக்கமாட்டேன்.”

மேலதிகாரி கைரொல்லா உத்தரவில் கையெழுத்திட்டார். நான் கட்டளையை எழுதினேன். அனுப்பவில்லை. அனுப்பியதாகப் பதிந்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை முற்பகலில் இரண்டும் மோதின. கலத்தை ஓட்டியவர் ஹென்ரிக். பயணி இனெஸ். அவளுக்குக் கைக்குழந்தை இருந்ததைப் பிறகு செய்தியில் பார்த்தேன்.

கர்லிகாஷ் கட்டளையை ஏற்கவில்லை என்று விசாரணைக் குழு முடிவு கட்டியது. அது விலகியதா என்று சரிபார்க்காமல் விட்ட குற்றம் மெருவெர்த்தின் தலையில் விழுந்தது. ஏன் சரிபார்க்கவில்லை என்று கேட்டார்களாம். “எங்கம்மா சொன்னாங்க” என்றாளாம். அங்கிருந்த ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். இப்போது காவலில் இருக்கிறாள்.

அதை விலக்கச் செலவாகும் எரிபொருளை மிச்சம் பிடிக்கவா என்று கேட்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். எரிபொருள் தீரப் போகிறது, தௌலெத்தின் கை பட்டது, இன்னும் இரண்டு வருடம் ஓடட்டும் என்று. மோதினால் அதுவும்தானே உடையும் என்கிறீர்கள். சரிதான். உடைந்தது.

நான் நினைத்தது அவ்வளவு பெரிதில்லை, ஐயா. நாற்பதில் முப்பத்தொன்பது தரம் ஒன்றும் ஆகாது. மயிரிழையில் கடந்து போகும். பிறகு அங்கே கூச்சல் எழும். வாய்ப்பேச்சை நம்பி அசட்டையாக இருந்தாள் என்று அவளை வேலையிலிருந்து நீக்குவார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

நேற்று காவலிலிருந்து பேச அவளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.

“அம்மா, நிஜமாவே அனுப்பினியா?”

இந்த எட்டு மாதத்தில் அதை ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. “சாப்பிட்டியா?” என்றேன். ஐந்து நிமிடம் முடியுமுன்பே அவள் போனை வைத்துவிட்டாள்.

நான் அனுப்பவில்லை. வேண்டுமென்றே அனுப்பவில்லை. அந்த இரண்டு பேரையும் கொன்றவள் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அவளை விட்டதும் நேராக வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இனி எந்த நிறுவனமும் அவளைச் சேர்க்காது. அவளுக்கு என்னைவிட்டால் வேறு யார்? அவள் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டியிருக்கிறேன். கோபம் கொஞ்ச நாளில் ஆறிவிடும். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?