ஒரு தோட்டாவுக்கு எண்பது சென்ட்

ரமோனா: …அப்போ ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு மிச்சம்னு சொன்ன, எல்வுட்?

எல்வுட்: எண்பது சென்ட். கடையில ஒண்ணரை டாலர். சுட்ட தோட்டாவோட காலிக் கூட்டையே எடுத்து நானே திரும்ப அடைச்சா எழுபது சென்ட்டுல முடிஞ்சுது.

ரமோனா: இந்த அழுத்துற மெஷினு?

எல்வுட்: அது ஒரு தடவை செலவு.

ரமோனா: அந்தத் தராசு? பித்தளைக் கூட்டையெல்லாம் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவுதே, அது? கராஜுக்கு ஹீட்டரு?

எல்வுட்: கை விறைச்சுப்போனா வெடிமருந்தை எப்படி அளக்கிறது? மொன்டானா குளிருடி இது.

ரமோனா: கல்யாணமாகி முப்பத்தொம்பது வருஷம். இந்தக் கராஜுல கார் நின்னு நான் பாத்ததில்ல. கார் பனியில கெடக்கு, உன் தோட்டா உள்ள உக்காந்து குளிர் காயுது.

எல்வுட்: காருக்கு ஜலதோஷம் பிடிக்காது.

ரமோனா: சரி, மிச்சம் பிடிச்ச காசு எங்க? ஒரு தடவை கண்ணுல காட்டேன்.

எல்வுட்: அது… அதுக்கும் சேத்துத்தான் நிறைய சுடுறேன்ல. நிறைய சுட்டா நிறைய மிச்சம்.

ரமோனா: அடேங்கப்பா! அப்போ இன்னும் கொஞ்சம் சுட்டா நாம பணக்காரங்க ஆயிடுவோம்.

எல்வுட்: உன் கிண்டலை அப்புறம் வச்சுக்க, எண்ணிக்கிட்டு இருக்கேன்… ஒம்பது, பத்து, பதினொண்ணு… இரு, இரு. மேல்தட்டு காலியா இருக்கே?

ரமோனா: காபி ஆறுது.

எல்வுட்: குளிர்காலம் பூரா உக்காந்து இருபத்தாறு டப்பா அடைச்சேன். பதினொண்ணுதான் இருக்கு. பதினஞ்சு டப்பாவைக் காணோம், ரமோனா!

ரமோனா: வியாழனுக்கு வியாழன் துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குப் போறியே. சுட்டுத் தீத்திருப்ப.

எல்வுட்: …ஆமா. சுட்டேன்தான். ஆனா…

ரமோனா: என்ன ஆனா?

எல்வுட்: பதினஞ்சா?

ரமோனா: வாராவாரம் குறி அட்டையைக் கொண்டாந்து ஃபிரிட்ஜு கதவுல ஒட்டுறியே. நடுப்புள்ளி இருந்த இடமே தெரியல, அத்தனை ஓட்டை. அதெல்லாம் சும்மா விழுந்துச்சா?

எல்வுட்: கராஜ் கதவைப் பூட்டினியா நீ?

ரமோனா: இந்த ஊர்ல எவ பூட்டுறா?

எல்வுட்: போச்சு… ஃபோனைக் குடு. ஷெரீஃபைக் கூப்பிடணும்.

ரமோனா: கூப்பிட்டு? “என் மிச்சத்தை யாரோ திருடிட்டாங்க”ன்னு சொல்லப்போறியா?

எல்வுட்: விளையாடாதடி! அதை எவனாவது சுட்டான்னா… மருந்து ஒரு துளி கூடிப்போயிருந்தாலும் துப்பாக்கி அவன் மூஞ்சியிலேயே வெடிச்சிரும்.

ரமோனா: ஏன் கூடப்போகுது? முப்பது வருஷமா அடைக்கிற கை.

எல்வுட்: கைக்கு ஒண்ணும் இல்ல…

ரமோனா: பின்ன?

எல்வுட்: கண்ணு. வலது கண்ணு சரியில்ல, ரமோனா. எதைப் பாத்தாலும் மோரை ஊத்தி வச்ச மாதிரி தெரியுது. அக்டோபர்லேருந்து நான் ஒரு தோட்டாகூடச் சுடல. வியாழக்கிழமை போறது வர்றது எல்லாம்… ரேஞ்சைப் பாத்துக்கிறான்ல கிளைட், அவன் ஷெட்டுல உக்காந்து காபி குடிச்சிட்டு வரேன்.

ரமோனா: அப்போ ஃபிரிட்ஜு மேல இருக்கிறது?

எல்வுட்: கிளைட்டோட குப்பைத் தொட்டியில பொறுக்கினது. செவ்வாக்கிழமை ஆனா எவனோ ஒருத்தன் வந்து சுட்டுட்டுப் போறானாம். பேரைக் கேட்டா கிளைட் சொல்ல மாட்டேங்கிறான், கிழட்டுப் பய.

ரமோனா: அட மனுஷா! அடுத்தவன் அட்டையை ஒட்டி வச்சுட்டா “பாத்தியா, பாத்தியா”ன்னு மார்தட்டின? நீ சுடாததுக்கு நான் வாராவாரம் ஆப்பிள் பை சுட்டுக் குடுத்திருக்கேன்!

எல்வுட்: பை நல்லாத்தான் இருந்துச்சு.

ரமோனா: பேச்சைப் பாரு… சுடாதவனுக்குத் தோட்டா எதுக்கு? எதுக்கு இங்க வந்து உக்காந்து அடைக்கிற?

எல்வுட்: இந்த மெஷின் சத்தம் நின்னா நீ ஏன்னு கேப்ப. கேட்டா சொல்லணும். சொல்லிட்டா… எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தாரு.

ரமோனா: அவரு டாக்டர்கிட்டப் போக மாட்டேன்னு அடம் பிடிச்சாரு. வேறென்ன? இது கண்ணுல வர்ற வெறும் பொரைதான். என் தங்கச்சிக்கு இருபதே நிமிஷத்துல எடுத்துட்டாங்க. மறுநாள் என் மூஞ்சியில சுருக்கம் எத்தனைன்னு எண்ணிச் சொன்னா, பாவி.

எல்வுட்: பொரைன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன டாக்டரா?

ரமோனா: காபியைக் கப்புக்கு வெளிய ஊத்துறவனோட அஞ்சு மாசமாக் குடித்தனம் பண்றேன். தெரியாதா?

எல்வுட்: அப்போ… தெரிஞ்சும் சும்மா இருந்தியா?

ரமோனா: நீயா வாயைத் திறப்பன்னு பாத்தேன். பில்லிங்ஸ்ல திங்கக்கிழமை பத்து மணிக்கு டாக்டர். நேரம் வாங்கி வச்சாச்சு. வர்றியா, மாட்டியா?

எல்வுட்: வரேன். வரேன்னு சொல்றேன்ல. ஆனா மொதல்ல அந்த டப்பா! லென்ஸ் வச்சுப் பாத்து, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை எடை போட்டுத்தான் அடைச்சேன். இருந்தாலும் என் கண்ணை நம்பி எவனோ ஒருத்தன் சாகக் கூடாது.

ரமோனா: யாரும் சாகல. ஃபோனைக் கீழ வை.

எல்வுட்: உனக்கு எப்படித் தெரியும்? டப்பாவுக்கு இருபது, மொத்தம் முன்னூறு தோட்டா!

ரமோனா: முன்னூறும் நேராத்தான் போச்சு.

எல்வுட்: …என்னது?

ரமோனா: நான் எடுத்துட்டுப் போன மொத டப்பாவைக் கிளைட் பிரிச்சு எடை போட்டுப் பாத்தான். ஒரு துளி கூடல, ஒரு துளி குறையல. அதுக்கப்புறம் அவன் துப்பாக்கியிலயே சுட ஆரம்பிச்சேன். அலமாரி நிறைஞ்சு போனா நீ அடைக்கிறதை விட்டுட்டு மூலையில உக்காந்துருவியே, யாராவது சுடணும்ல? செவ்வாக்கிழமை உன்கிட்ட சொன்ன மாதிரி நான் போர்வை தைக்கவெல்லாம் போகல, எல்வுட். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க பண்ணையில நரியை விரட்டினது யாருன்னு முப்பத்தொம்பது வருஷத்துல நீ ஒரு தடவை கேட்டிருக்கியா? அந்த அட்டை அத்தனையும் என்னுது.