அமாவாசை தாத்தாவின் இரத்த அழுத்தம் குறைந்த விதம்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அமாவாசை தாத்தாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றிவிட்டேன். இடையில் துணி இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். கருவி 188 என்றது. சட்டையைக் கழற்றச் சொல்லி மறுபடி பார்த்தேன். 192 என்றது. ஆகவே துணி காரணமில்லை. இருந்தாலும் தவறு தவறுதான்.

பாக்யலட்சுமி மேடம், முதியோர் பராமரிப்பு வகுப்பின் முதல் நாளிலேயே நீங்கள் சொன்னீர்கள்: செய்தது, தவறியது, நாளை செய்யப்போவது, மூன்றையும் நாள்தோறும் எழுதி வாருங்கள் என்று. தவறியதை எழுதுவதில் நான் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன். அந்த 192 எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எறையூரில் எனக்கு ஒதுக்கிய தெருக்களில் வீடு வீடாகப் போய், வயதானவர்களுக்கு பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. அமாவாசை தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும் வேன் இரண்டு முறை வந்தது. பிரஷர் இவ்வளவு இருந்தால் கத்தி வைக்க முடியாது என்று இரண்டு முறையும் இறக்கிவிட்டார்கள். இப்படியே போனால் பார்வை அடியோடு போய்விடும் என்றும் சொன்னார்கள்.

"நேத்து கஞ்சிக்கு உப்புன்னு நெனச்சு கோலமாவ அள்ளிப் போட்டுக் குடிச்சிட்டாருடி" என்றார் அவர் மனைவி வீராயி அம்மாயி. "நல்லாத்தான் இருக்குன்னு வேற சொல்றாரு."

மாத்திரையை அவர் ஒழுங்காகத்தான் போட்டார். உப்பைக் குறைத்தோம். ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றினோம். அளவு இறங்கவில்லை. முதலில் கருவியைச் சந்தேகப்பட்டு பேட்டரியை மாற்றினேன். பிறகு என்னைச் சந்தேகப்பட்டேன். கடைசியில்தான் ஒன்றைக் கவனித்தேன். எதிர்வீட்டு முருகையன் தாத்தாவின் பெயர் காதில் விழுந்தால் அளவு ஏறுகிறது. இது என் மனப்பிரமையாக இருக்கலாம் என்று, "மழை வருமா தாத்தா" என்று கேட்டுவிட்டுப் பார்த்தேன். ஏறவில்லை. "முருகையன் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் பார்த்தேன். ஏறியது. உறுதிப்படுத்திக்கொள்ள அந்தப் பெயரை இன்னும் சில முறை சொன்னேன். அவருக்கு லேசாக மயக்கம் வந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

இருவரும் கரும்பு போட்டவர்கள். ஒரு வருஷம், கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லி சர்க்கரை ஆலையிலிருந்து இவருக்கு வரவேண்டிய வெட்டு உத்தரவு முருகையன் தாத்தாவுக்குப் போய்விட்டது. அவர் கரும்பு ஆலைக்குப் போக, இவர் கரும்பு வயலிலேயே பூத்துக் காய்ந்தது. நான் அப்போது பிறக்கவில்லை. அன்றிலிருந்து விடிந்ததும், பல் விளக்கும் முன்பே, இருவரும் தெருவின் இரு பக்கமும் நின்று அதைப் பேசுவார்கள். பேசுவது என்று எழுதினேன். மேலவீதி வரை கேட்கும்.

ஜூன் கடைசியில் முருகையன் தாத்தா மீன்சுருட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். இனி இறங்கும் என்று நம்பினேன். இறங்கவில்லை. பூட்டிய கதவைப் பார்த்து உட்கார்ந்து, "வரட்டும், வரட்டும்" என்று சொல்லவேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வருவார் என்ற எண்ணம்தான் நோய் என்று எனக்குப் புரிந்தது. நோயின் காரணத்தை நீக்குவதுதான் முறை.

"முருகையன் தாத்தா மீன்சுருட்டியில தவறிட்டாராம் தாத்தா. நெஞ்சு வலியாம். அங்கயே எடுத்துட்டாங்களாம்" என்றேன்.

அவர் பூட்டிய கதவின் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கி வெட்டு உத்தரவுல முந்துனான்" என்றார். "இப்ப இதுலயும் முந்திட்டான்."

உடனே பார்த்தேன். 194. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் மாத்திரையும் போட்டவுடன் கேட்பதில்லை.

வீராயி அம்மாயி என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏண்டி தென்றலு, செத்தவரு நேத்துதான் எங்கிட்ட போன்ல பேசுனாரு. கோழிக்குத் தண்ணி வெச்சியான்னு கேட்டாரு."

"வேன் வர்ற வரைக்குந்தான் அம்மாயி. தாத்தாவுக்குக் கண்ணு வேணுமா, வேணாமா?"

அவர் யோசித்தார். "ஒப்பாரி வெக்கணுமா?"

"அதெல்லாம் வேணாம்."

"நீ சின்னப் புள்ள. எதுத்த வூட்டுச் சாவுக்கு நான் கம்முனு இருந்தா அந்தாளு நம்புவாரா?"

உள்ளே போய் அழுதார். நன்றாகவே அழுதார்.

அடுத்த வாரம் 170. அதற்கடுத்த வாரம் 152. பிறகு 134. இவ்வளவு ஒழுங்காக இறங்கி நான் பார்த்ததில்லை. அமாவாசை தாத்தா கத்துவதை நிறுத்தினார். வாசலுக்கு வருவதை நிறுத்தினார். சோறு பாதியானது, பிறகு இரண்டு கவளமானது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"ராசா மாதிரி கத்துன மனுசன்டி" என்றார் அம்மாயி. "இப்ப காலுக்கிட்ட நாய் வந்து கொரச்சாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறாரு."

"134 அம்மாயி" என்றேன்.

எடையும் நான்கு கிலோ குறைந்திருந்தது. அதைக் கூடுதல் நன்மையாகக் கருதினேன்.

ஒரு நாள் மட்டும் அவராகப் பேசினார். "அவன் கருமாதிக்குச் சோறு போட்டாங்களா பாப்பா?"

"போட்டாங்க தாத்தா."

"நெய் ஊத்துனாங்களா? அவனுக்கு நெய் இல்லாம எறங்காது."

ஊற்றினார்கள் என்று சொன்னேன். அந்த விவரம் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னது தவறு என்று இப்போது படுகிறது.

போன வாரம் வேன் வந்தது. இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. இவ்வளவு கட்டுப்பாடான பிரஷரை இந்த வயதில் பார்ப்பது அபூர்வம், யார் கவனித்துக்கொண்டது என்று டாக்டர் கேட்டாராம். கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

இன்று காலை சொட்டு மருந்து விடப் போனபோது 124. எழுதி முடிப்பதற்குள் முருகையன் தாத்தா வாசலில் வந்து நின்றார். மீன்சுருட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கண் ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். அவர் வரும் தேதியை நான் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

அமாவாசை தாத்தா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாப்பா, கண்ண ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க" என்றார். "செத்தவங்ககூடத் தெரியுறாங்க."

"யாருடா செத்தவன்?" என்றார் முருகையன் தாத்தா.

"நீதான்."

"ஒனக்கு முன்னாடி நான் ஏண்டா சாவணும்?"

"நீதான எல்லாத்துலயும் முந்துறவன்."

அடுத்த வாக்கியத்தில் வெட்டு உத்தரவு வந்துவிட்டது. அமாவாசை தாத்தா யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். "ஏய், சோத்தப் போடு" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். பரண்மேல் இருந்த ஊறுகாயைக் கேட்டு வாங்கினார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே திட்டினார். மறுசோறும் வாங்கினார். எதிரில் உட்கார்ந்து முருகையன் தாத்தாவும் சாப்பிட்டார். அந்த நேரத்தில்தான் நான் பட்டையைச் சட்டைமேல் சுற்றியது.

"நான் செத்துட்டேன்னு எந்த நாய் சொல்லுச்சு?" என்று கேட்டார் முருகையன் தாத்தா. வீராயி அம்மாயி பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

"நான்தான் தாத்தா" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் பிரஷர் பார்த்தேன். 178. மாத்திரை கொடுத்தேன்.

கிளம்பும்போது அமாவாசை தாத்தா கூப்பிட்டார். "பாப்பா, இனிமே இவனச் சாவடிக்காத. எனக்குச் சோறு எறங்கல."

பக்க விளைவு: பசியின்மை. குறித்துக்கொண்டேன்.

வலது கண் இன்னும் பாக்கி. அடுத்த மாதம் வேன் வரும். 192 என்றால் மறுபடியும் இறக்கிவிடுவார்கள். மாலை வகுப்பு வரை இதே கவலையாக இருந்தது. நீங்கள் இன்று, முதியோர் தவறி விழாமல் காப்பது பற்றி நடத்தினீர்கள். வழுக்கும் படி, இடுப்பு எலும்பு, ஆறு வாரப் படுக்கை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் என் தவறு எனக்கு விளங்கியது.

ஒன்று, மருந்தின் அளவு. மரணம் என்பது அமாவாசை தாத்தாவின் உடம்புக்கு மிக அதிகம். எதிரி ஆறு வாரம் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தால் போதும். படுத்துக் கிடப்பவரைத் திட்ட அவருக்கு மனம் வராது. சோறும் இறங்கும். இன்னொன்று, நான் சொன்னது உண்மையில்லை. வயதானவர்களிடம் பொய் சொல்லக் கூடாது. இந்த முறை நடந்ததை மட்டுமே சொல்வேன்.

வீட்டில் விளக்கெண்ணெய் கால் லிட்டர் இருக்கிறது. போதுமா என்பதில்தான் கொஞ்சம் சந்தேகம்.

நாளை செய்ய வேண்டியது: விடியுமுன், முருகையன் தாத்தா எழுந்து வருவதற்குள், அவர் வீட்டு வாசற்படிகள் மூன்றிலும் எண்ணெய் தடவுவது.