சேவலின் செல்கள்

நான் கோழிக்கறி சாப்பிடுவதில்லை என்றால் ஈப்போவில் யாரும் நம்புவதில்லை. அதை நம்ப வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர். மற்றதை நம்புங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடம் சித்தியவான் போகும் வழியில், ரப்பர் மரங்களை அழித்த ஒரு தோட்டத்தில் இருக்கிறது. என் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த தோட்டம் அது. அங்கேயே நான் டாக்டர் தனேஸ்வரனாக வெள்ளைக் கோட்டு போட்டேன். கோழியின் ஸ்டெம் செல்லை வளர்த்து, பின்னால் முட்டையாகவோ விந்தாகவோ ஆகப்போகும் மூலச் செல்லாக மாற்றுவதுதான் வேலை. கைகூடினால், அழிந்துவரும் நாட்டுக்கோழி இனத்தைச் சாதாரணக் கோழிகளை வைத்தே மீட்டுவிடலாம்.

கைகூடவில்லை. செல்கள் தட்டுத் தட்டாகச் செத்தன.

அதே மூலச் செல்கள், அடையில் இருக்கும் முட்டைக்குள் வளரும் இளங்கருவின் ரத்தத்தில் இயற்கையாகவே ஓடும். அதில் ஒரு சொட்டு எடுத்து வளர்த்தேன். ஸ்டெம் செல்லிலிருந்து உண்டாக்கியவை என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதினேன். பொய் இல்லை; என்றாவது நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்னால் எழுதினேன், அவ்வளவுதான். செய்தி பரவியதும் புந்தோங் கோயிலில் எனக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்பா கூட்டத்தில் நின்று அழுதார்.

கௌசிகா என்னோடு வேலை பார்த்தவள். அவளும் டாக்டர். ஒரு மதியம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, நம்ம ஸ்டெம் செல்லு பெட்டைதானே? உங்க செல்லுக்கு மீசை முளைச்சிருக்குலா. டெஸ்ட்ல சேவல்னு வருது."

பெட்டையின் செல்லிலிருந்து சேவலின் செல் வராது. ரத்தம் எடுத்த கரு சேவலா பெட்டையா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. டெஸ்ட் தாளை வாங்கி மடித்துப் பையில் போட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"அலாமாக்... ரத்தத்துல எடுத்தீங்களா?"

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்லண்ணே. நீங்களே போயி பாஸ்கிட்ட சொல்லிருங்க. அதுவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். உறைய வச்சிருக்கிறதையும் ஒருதரம் பார்த்துருவோம், வாங்க."

நல்ல பெண். அதனால்தான் வேறு யாருக்கும் தெரியவில்லை.

உறைந்த செல்கள் நைட்ரஜன் அறையில், திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இருக்கும். அது ஆவியாகி அறையில் நிறைந்தால் மூச்சுக்குக் காற்று இருக்காது, வாசனையும் வராது. அதனால் ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே, கண்ணாடிக் கதவருகில் காவல் நிற்பது எங்கள் வழக்கம். கௌசிகா உள்ளே போனாள்; வழக்கப்படி நான் வெளியே நின்றேன். காற்றை வெளியே இழுக்கும் விசிறிக்கும் எச்சரிக்கை மணிக்கும் சுவிட்ச் என் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் அணைத்தேன். தொட்டிக்குப் போகும் குழாயை வெளியிலிருந்தே முழுவதும் திறந்தேன். தொட்டி நிரம்பும் இரைச்சல் அவளுக்குப் பழகியதுதான், திரும்பிப் பார்க்கவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

விழுவதற்கு முன் கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். கொஞ்சம் பொறுங்கள் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் பேச்சை நான் தட்டியதில்லை. பொறுத்திருந்தேன்.