எட்டுப் பேரும் ஏழு கையெழுத்தும்

என் பெயரையும் வீட்டு முகவரியையும் முதல் தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை. கணவர் வெளியூரில் வேலையாக இருக்கிறார். என்னுடன் வசிப்பவர் என் நாத்தனார். முன்னறையில் மெஷின் போட்டுத் தையல் தொழில் செய்கிறார். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாவது எதிரி அவர். என்னை யாரும் அழைக்கவில்லை. நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

எங்கள் குடிநீர் ஏரியின் கரையோரமாக எண்ணெய்க் குழாய் பதிப்பதற்காகக் கம்பெனி குழாய்களைக் கொண்டுவந்து அடுக்கிய நாளிலிருந்து, அந்த அடுக்குக்கு எதிரே சாலையோரம் தார்ப்பாய் விரித்து முறை வைத்து உட்கார்ந்து வந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். கோஷம் கிடையாது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது என்பது ஒன்றே விதி. இப்படி உட்கார்ந்தால் குழாய் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. நாத்தனார் கூப்பிட்டதால் போனேன். வெளியாட்கள் வந்து கலவரம் செய்கிறார்கள் என்று நாளை யாராவது சொன்னால் மறுப்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று சொன்னது நான்தான். வந்த நேரம், போன நேரம், தொழில், கையெழுத்து என்று கோடு போட்டதும் நான்தான். சிலர் தயங்கினார்கள். நான் வற்புறுத்தினேன்.

முதல் நாள் ஓய்வுபெற்ற தபால்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சர்வீஸ் பூரா ஊர்ல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன். இப்பதான் என்கிட்ட ஒண்ணு கேக்க ஆள் வந்திருக்கு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அதன் பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, "நீங்க போடலையா டீச்சர்?" என்று கேட்டார். பதிவேடு எழுதுகிறவர் அதில் கையெழுத்திடக் கூடாது, அதுதான் முறை என்று பதில் சொன்னேன். அப்படி ஒரு முறை கிடையாது. என் பெயர் கல்லூரி நிர்வாகத்தின் கண்ணில் பட வேண்டாம் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

முப்பத்தொன்றாம் நாள், பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரையிலான முறையில் நான் நாத்தனாருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். சுமார் மூன்றே முக்கால் மணிக்குக் கம்பெனியின் கிரேன் மேல்வரிசையிலிருந்து ஒரு குழாயைத் தூக்கியபோது அதன் முனை கீழ்வரிசையில் இடித்து, உருளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கட்டை நழுவி, மூன்று குழாய்கள் உருண்டு, ஆளில்லாமல் நின்ற கம்பெனி ஜீப்பின் மேல் விழுந்தன. கிரேன் ஓட்டுநர் இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு, "போச்சு, என் வேலை போச்சு" என்றார். நாத்தனார் பதறி எழப் போனார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வேறு யாரும் அசையவில்லை.

அதன் பிறகு, கட்டையை உருவியது நாங்கள்தான் என்று கம்பெனி புகார் கொடுத்தது தெரிந்து, அன்று மாலையே பதிவேட்டை இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்து ஆய்வாளரிடம் கொடுத்தேன். மற்றவர்களைக் கேட்கவில்லை. குழுவில் ஒருவர் எழுதியது என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அது போதும் என்று எண்ணினேன். அதில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. அங்கே இருந்தார்கள் என்று மட்டுமே இருந்தது. இந்த வித்தியாசத்தைத்தான் இருபத்துமூன்று வருடங்களாக வகுப்பில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆய்வாளர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ரொம்ப சுத்தமா எழுதியிருக்காங்க மேடம். எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உதவி ஆய்வாளரும் இரண்டு பெண் காவலர்களும் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கையில் ஏழு பெயர்கள் கொண்ட தாள் இருந்தது. நாத்தனார் ஒரு பள்ளிச் சீருடையைத் தைத்துக்கொண்டிருந்தார். உதவி ஆய்வாளர் என்னைப் பார்த்து, "நீங்களும் அங்க இருந்தீங்களா மேடம்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார், "அண்ணிக்கு அன்னிக்குக் காலேஜ்ல பரீட்சை டூட்டி சார். அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்கவே பிடிக்காது" என்றார். நான் தலையாட்டினேன். அதன் பிறகு அவரை அழைத்துச் சென்றார்கள். ஊசி துணியில் இறங்கியபடி நின்றிருக்கிறது. நான் அதைத் தூக்கவில்லை. சீருடை கேட்டு வருபவர்களிடம் அடுத்த வாரம் என்று சொல்லி வருகிறேன்.

ஒன்பது நாள் இப்படிக் கழிந்தது. ஏழு பேருக்கும் ஜாமீன் மறுக்கப்பட்டது; கட்டை தானாக நழுவியதைப் பார்த்ததாகச் சொல்ல எதிரிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை என்று வக்கீல் சொன்னார். அவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. நேற்று சிறைக்குப் போனேன். நாத்தனார் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீங்க வெளிய இருக்கிறதுதான் அண்ணி நல்லது. அந்தச் சீருடைக்குக் கைப்பட்டி மட்டும்தான் பாக்கி, பிள்ளை எதைப் போட்டுக்கிட்டுப் போகுதோ" என்றார். ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. திரும்பும்போது பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார்கள். வந்த நேரம், போன நேரம், உறவு, கையெழுத்து. அதில் தயங்காமல் கையெழுத்துப் போட்டேன். சிறை வாசலைத் தாண்டிய பிறகுதான் அது உறைத்தது.

சம்பவ நேரத்தில் அந்தத் தார்ப்பாயில் இருந்தவர்கள் எட்டுப் பேர். எட்டாவது ஆள் நான். கட்டையை எங்களில் யாரும் தொடவில்லை என்பதை நேரில் பார்த்தவள். இதை எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன். கல்லூரிக்கும் கடிதம் கொடுத்துவிட்டேன்.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் ஏதும் இல்லை. கையெழுத்திடும் முன் பதிவேட்டில் முப்பத்தொன்றாம் நாள் பக்கத்தைக் கேட்டேன். அது வழக்குச் சொத்து, இனி அதில் ஒன்றும் எழுத முடியாது என்று ஆய்வாளர் சொன்னார். ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

வந்த நேரம்: பிற்பகல் 3.00
போன நேரம்: மாலை 5.00
தொழில்: ஆசிரியை
(கையெழுத்து)