சாம்பல் விரிப்பும் ஒரு நன்றியுரையும்

மூன்று நாள் மழை ஓய்ந்த இந்த மாலைப் பொழுதில் முகம் மலர வீற்றிருக்கும் விழாத் தலைவர், நிலக்கரிச் சுரங்கத்தின் மேலாளர் அவர்களே! பத்தாண்டுகளாகப் பழுதே காணாத பார்வைக்குச் சொந்தக்காரர், அந்தப் பார்வைக்காகவே இன்று பட்டயம் பெற்றிருக்கும் அணைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்களே! மேடையில் நாற்காலி கிடைத்த பெரியோர்களே! புல்தரையில் ஈரம் கிடைத்த என் தெருக்காரர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் குடையுமாக நிற்கும் தாய்மார்களே! இந்தம்மா எப்போது முடிப்பாள், பேருந்தை எப்போது எடுக்கலாம் என்று கடிகாரத்தைப் பார்க்கும் ஓட்டுநர் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் உரிய வணக்கத்தை நான் இப்போது சொல்லப்போவதில்லை. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

நான் யாரென்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாம் கூடியிருக்கும் இந்த மேட்டு விருந்தினர் மாளிகைக்கு விரிப்பும் தலையணை உறையும் துவைத்துத் தரும் சலவைக்கடைக்காரி. என் கடையும் வீடும் கீழே, முதல் தெருவில், அணையின் அடியில். “ரெண்டே நிமிஷம் போதும்மா. எல்லாருக்கும் நன்றின்னு சொல்லிட்டு எறங்கிடு” என்றார் மேலாளர் ஐயா. பத்தாண்டுப் பெருமையை இரண்டு நிமிடத்தில் அடக்குவது நியாயமா? உட்காருங்கள் ஐயா, பாராட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அந்த அணையைப் பாருங்கள்! நிலக்கரியைக் கழுவிக் கழுவி மிஞ்சிய கருஞ்சேற்றையெல்லாம் கட்டிக் காக்கும் அணை. கல்லா? இல்லை. கான்கிரீட்டா? இல்லை. மண்! சேறு ஏற ஏற மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்த்திய கரை. கரைக்கு அந்தப் பக்கம் அறுபதடி ஆழத்துக்குச் சேறு. இந்தப் பக்கம், முந்நூறடி தள்ளி என் சமையலறை. இரண்டுக்கும் நடுவில் நின்று என்னைக் காப்பது எது? மண் என்று சொன்னால் நீங்கள் விவரம் தெரியாதவர்கள். என்னைக் காப்பது ஆய்வாளர் ஐயாவின் கையெழுத்து!

அந்தக் கையெழுத்து எப்படிப் பிறக்கிறது தெரியுமா? மற்ற ஊர் ஆய்வாளர்கள் பாவம், கரைமேல் நடப்பார்கள், கரையடியில் குனிவார்கள், சேற்றில் செருப்பைத் தொலைப்பார்கள். நம் ஐயா அப்படியா? அதோ, அந்த மாடி முகப்பு. அங்கே ஒரு நாற்காலி. நாற்காலியில் ஐயா. ஒரு கையில் தேநீர், மறு கையில் தொலைநோக்கி. தேநீர் ஆறுவதற்குள் ஒரு கிலோமீட்டர் கரையை அலசி ஆராய்ந்து முடித்துவிடுவார். துவாலை மாற்றப் போனபோது கண்ணாரக் கண்டேன், தொலைநோக்கியின் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. சிரிக்காதீர்கள் தம்பி! மூடியைக் கழற்றாமலே முழு அணையும் தெரிகிறதென்றால், அது லேசுப்பட்ட பார்வையா?

ஆனால் ஐயா அறிவாளி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன ஆண்டு விழாவில் அவர்தான் எனக்குப் பாடம் சொன்னார். “மண் அணைன்னா கொஞ்சம் தண்ணி கசியத்தான் செய்யும். அது தெளிவா வர்ற வரைக்கும் கவலையே இல்ல. கலங்கி வந்துச்சுன்னா, உள்ள இருக்கிற மண்ணை அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்ப பயப்படுங்க” என்றார். நான்தான் முதலில் கை தட்டினேன். ஏனென்றால் கரையடி வடிகாலில் வரும் அந்தக் கசிவு நீரில்தான் பதினோரு ஆண்டாக நான் துணி துவைக்கிறேன்.

போன மாதம் விரிப்புகள் வெளுக்கவில்லை. சோப்பை மாற்றினேன், வெளுக்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்தேன், வெளுக்கவில்லை. ஆத்திரத்தில் என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன், அப்போதும் வெளுக்கவில்லை! அவர் இதே சுரங்கத்தில் முதுகு முறிந்து ஏழு ஆண்டாகப் படுக்கையில் இருப்பவர். படுத்தபடியே சொன்னார்: “சோப்பைத் திட்டாதடி. தண்ணியைப் பாரு.” வடிகால் நீரை வாளியில் பிடித்து வைத்தேன். விடிந்து பார்த்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். ஐயா சொல்லிக்கொடுத்த பாடம் என் வாளிக்குள் உட்கார்ந்திருந்தது.

சுரங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்ததா? வந்தது! எனக்கல்ல, என் விரிப்புக்கு. இதோ, ஆய்வாளர் ஐயா கைப்பட எழுதிய புகார்க் கடிதம். படிக்கிறேன்: “என் அறையில் விரிக்கப்பட்ட விரிப்பு சாம்பல் நிறமாக உள்ளது. மண் துகள் உறுத்தியதால் உறக்கம் கெட்டது. கலங்கிய நீரில் துவைப்பதாகத் தெரிகிறது. சலவைக்காரி விளக்கம் தரவேண்டும்.” கீழே கையெழுத்து, தேதி. இது, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஆய்வறிக்கை. இதையும் படிக்கிறேன்: “கசிவு நீர் தெளிவாக உள்ளது. அணை நலம்.” கீழே அதே கையெழுத்து. அதே தேதி!

ஆகா! காலையில் தெளிந்த நீர், ஐயாவின் கட்டிலுக்கு வரும்போது மட்டும் கலங்கிவிட்டது! முந்நூறு குடும்பம் மூழ்கும் என்று முறையிட்டால் தெரியாத மண், முதுகில் உறுத்தினால் தெரிகிறது! அணையைப் பற்றி அந்த அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒரே உண்மை, ஒரு படுக்கை விரிப்பைப் பற்றிய புகாரில் இருக்கிறது. இதற்குப் பட்டயம் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது?

என் தம்பியைத் தெரியும் உங்களுக்கு. அணைக் காவலர். இந்த மூன்று நாளில் வடிகால் நீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியிருக்கிறது. நேற்று ஓடிப்போய் அபாயச் சங்கின் சாவியைக் கேட்டான். “விழா நேரத்துல பீதியக் கெளப்பாத. பட்டயம் வாங்கினப்புறம் பாத்துக்கலாம்” என்றாராம் மேலாளர் ஐயா. சாவி அவருடைய இழுப்பறையில் இருக்கிறது. அணை பத்திரமோ இல்லையோ, சாவி மிகப் பத்திரம்.

என்னக்கா? சத்தமாகச் சொல்லுங்கள். “ஏன் மேட்டுல கூட்டம் வச்சாங்க?” என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்கள்தான் மேடையில் இருக்க வேண்டியவர்! பத்து ஆண்டும் இந்த விழா எங்கே நடந்தது? கீழே, அணையடி மைதானத்தில். அழைப்பிதழும் அந்த இடத்துக்குத்தான் அச்சானது. நேற்று மதியம் அதன்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, “இடமாற்றம்: விருந்தினர் மாளிகை” என்று அனுப்பினார்கள். “காத்து நல்லா வரும்” என்று காரணமும் சொன்னார்கள். காற்றுக்காகவா வந்தீர்கள் ஐயா? இரண்டு மணி நேரம் மட்டும் அங்கே உட்கார உங்களுக்குப் பயம். ஆண்டு முழுவதும் அங்கே படுத்துறங்க எங்களுக்கு மட்டும் பயம் கூடாதா? விழா முடிந்ததும் எங்களைப் பேருந்தில் ஏற்றி அதே பள்ளத்தில் இறக்கிவிடவும் ஏற்பாடு செய்துவிட்டீர்களே, உங்கள் அக்கறையை நான் எந்த வாயால் புகழ்வேன்?

மேலாளர் ஐயா எழுந்துவிட்டார். மைக்கை வாங்க வருகிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, உங்கள் ஆணையை நீங்களே மீறலாமா? போன ஆண்டு பாதிக் கூட்டம் நடுவில் கிளம்பிப் போனது என்று நீங்கள்தானே சுற்றறிக்கை விட்டீர்கள்? “நன்றியுரை முடியும்வரை எந்தப் பேருந்தும் நகரக்கூடாது, எவரும் எழக்கூடாது.” அதனால்தான் இவ்வளவு நேரமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்று என் சலவை வண்டி இந்த மாளிகை வாசலுக்கு ஐந்து முறை வந்துவிட்டது. “என்னக்கா, இன்னிக்கு இவ்வளவு துணியா?” என்று கேட்டபடியே கதவைத் திறந்துவிட்டார் வாயிற்காவலர். நல்ல மனிதர். வண்டிக்குள் துணி இல்லை அண்ணே! விழாவுக்கு வர முடியாதவர்கள் இருந்தார்கள். மூன்றாம் தெருவில் பிள்ளை பெற்று நான்கு நாளான பெண், கண் தெரியாத கொல்லர், மூச்சிரைப்பில் கிடக்கும் தச்சரின் மனைவி, இன்னும் பதினேழு பேர். என் தம்பி ஒவ்வொருவராகத் தூக்கி வந்து உள்ளே படுக்க வைத்திருக்கிறான். ஆய்வாளர் ஐயா, உங்கள் கட்டிலில் அந்தப் பச்சைக் குழந்தை தூங்குகிறது. விரிப்பை நேற்றே வேறு ஊர்த் தண்ணீரில் துவைத்துப் போட்டேன். உறுத்தாது.

இன்னும் ஒரே ஒருவர்தான் பாக்கி. “மத்தவங்களை மொதல்ல ஏத்து. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்” என்று காலையில் சொன்ன மனிதர். ஏழு ஆண்டாகத் தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர் சொன்ன வேடிக்கை அது. நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். இங்கே நின்று உங்களையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேனே, என் கண் முழுக்க அந்த வாசலில்தான் இருந்தது.

அதோ! வண்டி வருகிறது. தம்பி, பின்கதவைத் திற. இருக்கிறாரா? கையை ஆட்டுகிறார். இருக்கிறார்!

இப்போது என் நன்றியை இரண்டே நிமிடத்தில் சொல்கிறேன். என் தம்பிக்கு நன்றி. கதவைத் திறந்த காவலருக்கு நன்றி. தண்ணீரைப் பார்க்கச் சொன்ன என் வீட்டுக்காரருக்கு நன்றி. மேடைக்கு மட்டும் நன்றி சொல்லமாட்டேன். சொன்னால் உரை முடிந்துவிடும், உரை முடிந்தால் பேருந்து கிளம்பிவிடும். நிலக்கரி கழுவும் ஆலை இன்றே நிற்கட்டும். அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் இறங்கட்டும். வேறு ஊர் ஆய்வாளர் வந்து, கரையடியில் குனிந்து, கையில் நீரை அள்ளிப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை என் நன்றியுரை முடியாது. அதுவரை ஒருவரும் கீழே இறங்கவேண்டாம்.

மேலாளர் ஐயா, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இந்த மைக்கிலேயே சங்கு ஊதியாகிவிட்டது.

தாய்மார்களே, எழுந்து தெரு வாரியாக நில்லுங்கள். முதல் தெருவிலிருந்து ஒவ்வொரு வீடாக வருகிறேன். முகத்தைப் பார்த்து, ஆளை எண்ணி, கடைசிக்கு வைத்திருந்த வணக்கத்தை ஒவ்வொருவர் கையிலும் தருகிறேன். ஒரு வணக்கம்கூட மிஞ்சக்கூடாது.